என் சொல்லும் அவள் வாயும்

பொறாமைப்படக் கூடாது என்று சின்ன வயதில் தேவாரத்தோடு சேர்த்துச் சொல்லித் தந்தார்கள். தேவாரம் இன்றும் மனப்பாடம். மற்றது நிற்கவில்லை. ஒஸ்லோவில் ஒரு ஆய்வுகூடத்தில் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த ஒரு பெண்மேல் நான் மாதக்கணக்காக வயிறெரிந்தேன். என் வேலையை அவள் பறித்திருந்தால் தொழிற்சங்கத்திடம் போயிருப்பேன், நோர்வேயில் அதற்கு வழி இருக்கிறது. அவள் பறித்தது என் மனிசனுடைய காதை. இதை எந்தச் சங்கத்தில் போய் முறையிடுவது?

பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கோ தலை நரைத்து, தொந்தியும் விழுந்துவிட்டது, பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களில் படிக்கப் போயும் விட்டார்கள். சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதைவிட எரிச்சலானது.

எங்கள் ஆய்வுகூடத்தில் உயிர்க் கலங்கள் செய்தி வாங்கும் விதத்தைப் பார்க்கிறோம். கலம் என்பது நான் யாழ்ப்பாணத்தில் படித்த சொல். அவள் தமிழ்நாட்டுக்காரி, செல் என்பாள். நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் இன்சுலின் வரும். "சீனி வந்திருக்கு, கதவைத் திறந்து உள்ளே எடு" என்பதுதான் அது கொண்டுவரும் செய்தி. கலத்தின் மேற்புறத்தில் அதற்கென்று ஒரு காது உண்டு. காதில் செய்தி விழுந்ததும் உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டும், அது அதற்கடுத்ததைத் தட்டும், கடைசியில் கதவு திறக்கும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், கலம் கேளாது. செய்தி எந்த இடத்தில் நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. ஆய்வாளர்கள் வருவார்கள், கட்டுரை எழுதுவார்கள், போவார்கள். கலங்களை வளர்த்து, இன்சுலின் கொடுத்து, உள்ளிருக்கும் புரதங்களைப் பிரித்து, கறுப்புப் பட்டைகளாகப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நான் அங்கேயே இருப்பேன்.

இந்த வேலை பார்க்கிற என் வீட்டிலேயே ஒரு சீனி வருத்தக்காரர். என் மனிசன் பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க இருந்தபடி வேலை. இடைவேளையில் ஏலக்காய் மணக்கிற நோர்வே பன் ஒன்று, பின்னேரம் இன்னொன்று. வீட்டுக்கு வந்தால் மலை மாதிரிப் புட்டு, அதற்கு மேல் வாழைப்பழம், அதற்கு மேல் சீனி. ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சுவருக்கு வாய் இருந்தால், "சாப்பிட்டது காணும், எழும்புங்கோ" என்று அதுவும் சொல்லும். அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

சும்மா கத்தினேன் என்று நினைக்க வேண்டாம், விளக்கமும் சொன்னேன். ஒருநாள் புட்டுக்கு முன்னால் வைத்தே சொன்னேன். "இஞ்சேருங்கோ, வாசலிலை ஒருத்தன் விடாமல் மணி அடிச்சுக்கொண்டு நிண்டால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? எரிச்சலிலை மணியைக் கழட்டி உள்ளை வைச்சிடுவான். பேந்து ஆர் வந்து அடிச்சாலும் கேளாது. நீங்கள் நெடுகச் சாப்பிடுறியள், இன்சுலின் நெடுக மணி அடிக்குது, கலம் மணியைக் கழட்டிப்போட்டுது. விளங்குதோ?"

"ஓமோம்," என்றார், ரிவியைப் பார்த்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "பொரிச்ச மிளகாய் இருக்கோ?" என்று கேட்டார்.

எங்கள் துறையில் ஒரு புதிர் உண்டு. சீனி வருத்தம் வந்த ஈரல், இன்சுலின் சொல்வதில் பாதியை மட்டும்தான் கேளாமல் விடும். "சீனி செய்வதை நிறுத்து" என்றால் கேளாது. "கொழுப்புச் செய்" என்றால் உடனே கேட்டுச் செய்யும். ஒரே காது, ஒரே செய்தி, உள்ளே ஒரு வழி அடைப்பு, மற்ற வழி திறப்பு. ஏன் அப்படி என்று உலகம் முழுக்க மண்டையை உடைக்கிறார்கள். இதை ஒரு ஆய்வாளர் எங்கள் கூட்டத்தில் முதன்முதலில் விளக்கியபோது எல்லாரும் வியந்தார்கள். எனக்கு ஒரு வியப்பும் வரவில்லை. "சாப்பிட வாங்கோ" என்றால் குளியலறைக்குள் இருந்தும் கேட்கும், "நடக்கப் போவம்" என்றால் பக்கத்தில் இருந்தும் கேளாத ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான்.

ஒரு பெப்ரவரியில்தான் இந்த விளையாட்டு முடிந்தது. குளிர்காலத்தில் ஒஸ்லோ நடைபாதைகளில் வழுக்காமல் இருக்கச் சல்லி கொட்டுவார்கள். அந்தச் சல்லி சப்பாத்துக்குள் போகாத ஆள் இந்த ஊரில் இல்லை. போனால் இரண்டு எட்டு வைக்கமுன் தெரியும். நின்று, கழற்றி, உதறிவிட்டு நடப்போம். அன்று அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்தார். வெள்ளைத் தரையில் அவர் வந்த வழியெல்லாம் சிவப்பாக இருந்தது.

"ஐயோ, இதென்னப்பா ரத்தம்?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "ஆரின்ரை ரத்தம்?" என்று என்னைக் கேட்டார்.

காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். காலில் போட்டிருந்த மேசும் தோலுமாகப் பிய்ந்து, உள்ளங்காலில் கூரான ஒரு கல் இறங்கியிருந்தது. அதோடுதான் பிரேக் மிதித்திருக்கிறார், இறங்கி ஏறியிருக்கிறார். அவருக்கு நோகவே இல்லை.

எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு நோர்வேப் பெண். என் மனிசனைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தடித்த நைலோன் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றிருந்தார். இவர் பேசாமல் கிடந்தார். வைத்தியர் பெருவிரலைத் தொட்டார், குதிக்காலைத் தொட்டார், திரும்பவும் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் மனிசன் கண்ணை மூடியபடியே தமிழில் என்னைக் கேட்டார்: "ஏன் இன்னும் தொடங்கேல்லையாம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, இந்தப் புண் ஆறிவிடும், ஆனால் அடுத்த புண்ணும் ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது, சீனியை இறக்காவிட்டால் ஒருநாள் கால் ஒன்றையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர் நேராகச் சொன்னார். இந்த நாட்டில் எதையும் பூசி மெழுகிச் சொல்ல மாட்டார்கள். வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது இவர், "சப்பாத்து ஒரு அளவு பெருசா வாங்கவேணும்போலை" என்றார். நான் அந்த இடத்திலேயே வைத்துக் கத்தினேன். பக்கத்தில் நின்ற நோர்வே மனிசி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

கத்திப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று. பிறகு படித்தவள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்வேலை செய்தேன். ஆய்வுகூடத்தில் கலங்களுக்கு இன்சுலின் கொடுக்க முதல் அவற்றைப் பட்டினி போடுவோம். சத்து நீரை எடுத்துவிட்டு, எந்தச் செய்தியும் இல்லாமல் ஒரு இரவு சும்மா விடுவோம். உள்ளுக்குள் நடக்கும் இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த நாள் ஒரு துளி கொடுத்தாலும், செய்தி சேர்ந்ததற்கு அடையாளமாகப் பளிச்சென்று பட்டை விழும். இதே முறையை வீட்டில் செய்தால் என்ன என்று யோசித்தேன். நெடுகக் கத்தி என் சொல்லுக்கு அவர் காது மரத்துப் போயிருக்கிறது, கொஞ்சக் காலம் வாயை மூடுவோம், பிறகு ஒரு சொல் சொல்வோம், கேட்பார்.

மூடினேன். புட்டுக்கு மேல் சீனி போட்டபோது மூடினேன், பன் கடிக்கும்போது மூடினேன். ஒருநாள் பின்னேரம் அவர் திராமன் என்ற ஊரில் இருக்கிற சிநேகிதரோடு தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "சீச்சீ, பயப்பிட ஒண்டுமில்லை. இருந்தால் மனிசி விடுவாளே? இப்ப ஒண்டும் சொல்லுறேல்லை. எல்லாம் சரியாகீட்டுதுபோலை." அன்று வரும்போது பன் ஒரு பைக்கற்றாகவே வாங்கி வந்தார். கலத்துக்குச் சரிவந்த பட்டினி என் வீட்டில் விருந்தாகிவிட்டது.

இனி அவளைச் சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்தில்தான் மதுரையிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தாள். முனைவர் பட்டம் முடித்தவள், முப்பது வயதிருக்கும், கலியாணம் ஆகவில்லை. எங்கள் பேராசிரியைக்கு ஒரே சந்தோசம், "இனி உனக்குக் கதைக்க ஒரு ஆள்" என்றார் என்னிடம். தமிழர் என்றால் எல்லாரும் ஒரு பானைச் சோறு என்று நினைப்பு. எங்கள் கலங்கள் எப்படி, எதற்குக் கோபித்துக்கொள்ளும், எதற்குச் செத்துப்போகும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கினேன். பழக்கி ஒரு மாதம் ஆகவில்லை, அவளுடைய பட்டைகள் என்னுடையதைவிட வடிவாக வந்தன. பேராசிரியை படத்தைத் தூக்கிப் பிடித்து "நீடெலி!" என்றார். அற்புதம் என்று அர்த்தம். என் படங்களுக்கு இத்தனை வருடமும் "ப்ரா", நல்லது, அதோடு சரி. அப்போதே கொஞ்சம் எரியத் தொடங்கிவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். கூப்பிட்டது அவர். "தனிய இருக்கிற பிள்ளை, பாவம்," என்றார். பெரிய குளிர்ச் சட்டைக்குள் ஒரு குருவி மாதிரி வந்தாள். கத்தரிக்காய்த் தொக்கு செய்துகொண்டு வந்திருந்தாள், நல்ல ருசி, அதுவும் எரிச்சல்.

"வாரும், இரும்," என்றேன்.

"அண்ணா, அக்கா லேப்லயும் என்னை இப்படித்தான் கூப்பிடுவாங்க. வாரும், இரும், செய்யும். ஏதோ ராஜா சபையில நிக்கிற மாதிரி இருக்கும்!" என்றாள் அவள்.

என் மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். என்னுடைய பகிடிக்கு அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

சாப்பாடு முடிந்து நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். அங்கே அவள் குரல் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. நடுவில் அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "அப்ப நான் என்ன செய்யவேணும் பிள்ளை?"

கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். அப்ப நான் என்ன செய்யவேணும். இந்தக் கேள்வியை, கலியாணம் கட்டிய நாள் தொடக்கம், சீனி வருத்தம் வந்த நாள் தொடக்கம், கல்லு இறங்கிய நாளில்கூட, அவர் என்னைக் கேட்டதில்லை. நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தபோது, "எனக்குச் சீனி வேண்டாம்," என்றார். அது நான் வாயை மூடியிருந்த காலம், வழக்கம்போல் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கியிருந்தேன். என் கண் முன்னால் அதைத் தள்ளி வைத்தார். அதையும் நானே குடித்தேன்.

அடுத்த நாள் வேலையால் வந்தவர் திரும்பவும் சப்பாத்தைப் போட்டார். "எங்கை?" என்றேன். "நடக்க," என்றார். சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறி, உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டார். பார்க்கச் சொல்லி நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆற்றோரப் பாதையில் கையை வீசி வீசிப் போனார். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டும் இருந்தது.

வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கதிரையில் இருந்தார். "அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவா விளங்கப்படுத்திச்சுது தெரியுமோ? வாசலிலை ஒருத்தன் விடாமல் மணி அடிச்சால், வீட்டுக்காரன் மணியைக் கழட்டி வைச்சிடுவானாம். பேந்து ஆர் அடிச்சாலும் கேளாதாம். அதுதானப்பா இந்த வருத்தம்!"

"அது என்ரை உதாரணம்!" என்று கத்தினேன்.

"உம்முடையதோ?" உண்மையாகவே திகைத்துப் போனார் மனிசன். "நீர் எப்ப சொன்னனீர்?"

செவிடன் காதில் சங்கு ஊதுகிறது என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் ஊதிய அதே சங்கை இன்னொருத்தி ஊத, "என்ன இனிமையான சத்தம்" என்று என்னிடமே வந்து சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நாள் முழுக்க அந்தப் பிள்ளைதான். அந்தப் பிள்ளை தவிடு எடுக்காத அரிசி நல்லது என்றது. அந்தப் பிள்ளை முதலில் மரக்கறி, பிறகு சோறு என்றது. நடந்த தூரத்தைப் படம் பிடித்து அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார், அவள் இதயம் போடுவாள். சிவப்பு இதயம் வேறு. நான் வெட்டி, நான் வதக்கி, நான் தட்டில் போட்டுக் கொடுத்த சாப்பாட்டைப் படம் பிடித்து அனுப்ப, அவள் "சூப்பர் அண்ணா!" என்பாள். சமைத்தவள் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு ஒரு சூப்பர் இல்லை. என் தங்கச்சி பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருக்கிறாள், அவளுக்குப் போன் எடுத்துப் புலம்பினேன். "முற்றத்து மல்லிகை மணக்காதக்கா," என்று சிரித்தாள். அவளோடும் கோபித்துக்கொண்டு போனை வைத்தேன்.

ஆய்வுகூடத்தில் அதைக் காட்டாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். துளி துளியாக அளக்கிற நல்ல பிபெட்டை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் தொட்டி கழுவாமல் போனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவள் ஒருநாளும் திருப்பிக் கதைக்கவில்லை, "சாரிக்கா" என்பாள். கோபப்படவாவது செய்திருக்கலாம்.

ஜூனில் வைத்தியரிடம் போனோம். மூன்று மாதச் சராசரிச் சீனி நன்றாக இறங்கியிருந்தது. பாதத்தில் புதுப் புண் ஒன்றும் இல்லை. செத்த நரம்பு திரும்பி வராது, ஆனால் இப்படியே போனால் கால் தப்பும் என்றார். "என்ன செய்தீர்கள்?" என்று இவரைக் கேட்டார். இவர் நிமிர்ந்து இருந்துகொண்டு தன் நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "என் மனைவியின் வேலையிடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். ஆய்வாளர். மிகக் கெட்டிக்காரி. அவள் சொன்னாள், நான் செய்தேன்." வைத்தியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்களுக்கு நல்ல சக ஊழியர் கிடைத்திருக்கிறார்," என்றார். "யா," என்றேன்.

ரயிலில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். "உமக்குச் சந்தோசமில்லையோ?" என்று கேட்டார்.

"நல்ல சந்தோசம்," என்றேன். பொய்யில்லை. கால் தப்பும் என்ற சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். கால் இருந்தால் காணும், ஆர் சொல்லிக் கேட்டால் என்ன என்று கோயிலில் சந்திக்கிறவர்கள் சொல்வார்கள். எனக்குக் காணாது. அந்தக் காலுக்காக அழுதவள் நான், கத்தியவள் நான், நித்திரை இல்லாமல் கிடந்தவள் நான்.

அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு அறையில் அவளைப் பிடித்தேன். வேறு ஒருவரும் இல்லை. "உண்மையைச் சொல்லும். என்ரை மனிசனுக்கு அண்டைக்கு என்ன சொன்னனீர்?"

அவள் முழித்தாள். "புதுசா ஒண்ணும் சொல்லலையேக்கா. நான் வந்த புதுசுல நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, காலிங் பெல் கதை? அதைத்தான் சொன்னேன். அப்புறம் சப்பாத்தி, நடை, செருப்பைப் பார்த்துப் போடுறது. எல்லாம் நீங்க லேப்ல புலம்புறதுதான்."

"அப்ப நீர் சொல்ல ஏன் கேட்டவர்? நான் சொல்ல ஏன் கேக்கேல்லை?"

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தாள். "அது தெரிஞ்சா எங்கம்மாவைக் காப்பாத்திருவேனேக்கா," என்றாள். குரல் உடைந்திருந்தது.

மதுரையில் அவளுடைய அம்மா தனியாக இருக்கிறாராம். அப்பா சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கும் இதே சீனிதான். அம்மா இப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ வீடியோவில் சொன்ன பொடியைக் கரைத்துக் குடிக்கிறாராம். மகள் போன் எடுத்தால், "பாத்திரம் போட்டது போட்டபடி இருக்கு" என்று வைத்துவிடுவாராம். "ஊரு உலகத்துக்கெல்லாம் நான் டாக்டர். எங்கம்மாவுக்கு நான் இன்னும் ஹோம்வொர்க் செய்யாத பொண்ணு," என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்க ஒரு தடவை அவங்ககிட்ட பேசுறீங்களா?"

"என்ரை மனிசனே கேளாத கதையை உம்முடைய அம்மா கேப்பாவோ?"

"கேப்பாங்கக்கா. நீங்க யாரோதானே," என்றாள்.

ஓம் என்றேன். இரக்கத்தால் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரக்கமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா என் சொல் கேட்க வேண்டும், அதை அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவளுடைய அம்மா போனில் முதல் நாளே என்னோடு ஒட்டிக்கொண்டார். "நீங்க சிலோனாம்மா? பேச்சு எவ்வளவு அழகா இருக்கு, இன்னும் கொஞ்சம் பேசுங்க," என்றார். பேசினேன். காலிங் பெல் கதையைச் சொன்னேன், என் மனிசனின் உள்ளங்காலைச் சொன்னேன். அவசரப்படவில்லை, குரல் உயர்த்தவில்லை. "அந்தப் பொடியை விடுங்கோ அம்மா, மாத்திரையைப் போடுங்கோ. எனக்காகப் போடுங்கோ," என்றேன். "சரிம்மா, நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க," என்றார். நான் சொல்ல ஒருவர் சரி என்பதைக் கேட்டு எவ்வளவு காலம்! காது குளிர்ந்தது.

ஒரு கிழமை, ஏழெட்டு நாள் போயிருக்கும். அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். "அக்கா, அம்மா சுகர் டெஸ்ட் பண்ணி உங்களுக்கு அனுப்பினாங்களாமே?"

"ஓம். குறைஞ்சிருக்கு."

"எனக்கு அனுப்பல," என்றாள். கலங்களைச் சுழற்றுகிற இயந்திரத்தின் மூடியை டமார் என்று சாத்தினாள். சாரிக்கா பிள்ளையின் முகம் முதல் தடவையாக இருண்டு போயிருந்தது. அடி ஆத்தை, எனக்கு என்ன ஆனந்தம்! அன்று பின்னேரம் அவளுடைய அம்மாவுக்கு நானும் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன். பிபெட்டை லாச்சியிலிருந்து எடுத்து அவள் மேசையில் வைத்தேன். இருவரும் சரிக்குச் சரி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். என் மனிசன் அடுத்த அறையில் இருந்தார். அம்மா சந்தோசமாக இருந்தார், மாத்திரை, நடை, எல்லாம் ஒழுங்காம். பிறகு சொன்னார்: "என் பொண்ணு போன் பண்ணாலே கத்துவாம்மா. ஏன் சாப்பிட்டே, ஏன் போடலைன்னு போலீஸ் மாதிரி. உங்களை மாதிரிப் பொறுமையா ஒரு வார்த்தை பேசத் தெரியாது. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்."

என்னை ஆரும் எதற்கும் பொறுமைசாலி என்று சொன்னதில்லை. சிரிப்பு வாய்வரை வந்தது. வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இதே கதையை என் மனிசன் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருப்பார். ஆற்றோரம் நடந்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, இதே மாதிரி. மனிசி கத்துவா பிள்ளை, நீர்தான் பொறுமையாச் சொல்லுறீர். உமக்கு வாறவன் குடுத்து வைச்சவன். எனக்கு அது காதில் கேட்டது.

"அம்மா," என்றேன். "நான் பொறுமையாக் கதைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கோவிக்காதையுங்கோ. உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் ரெண்டு நாள் கவலைப்படுவன். பேந்து வேலைக்குப் போவன். உங்கடை மகளுக்கு அப்பிடி இல்லை. அவவுக்கு உலகத்திலை நீங்கள் ஒராள்தான். பயந்து நடுங்கிற ஆளுக்குக் குரல் மெதுவா வராது அம்மா. கத்தத்தான் வரும். அந்தக் கத்தல் முழுக்கப் பயம். அது ஏன் உங்களுக்கு விளங்குதில்லை?"

கடைசி வரியில் நான் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அவ என்கிட்ட அழுததே இல்லையேம்மா," என்றார் அம்மா.

"கத்தினவதானே," என்றேன். போனை வைத்தேன். அடுத்த அறையிலிருந்து என் மனிசன், "ஆரோடை சண்டை?" என்று கேட்டார். "ஒருத்தரோடையும் இல்லை," என்றேன்.

மறுநாள் காலை அவள் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையைக்கூட மாட்டாமல் நேராக என்னிடம் வந்தாள். "அம்மா அவங்களா போன் பண்ணாங்கக்கா. ரொம்ப நேரம் வைக்கவே இல்லை. எவ்வளவு வேணும்னாலும் திட்டுடீ, நான் கேக்குறேன்னாங்க. என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்டுமில்லை. நீர் பயப்பிடுறீர் எண்டு சொன்னனான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தொண்டைவரை ஒரு கேள்வி வந்தது. நீர் அவரோடை இவ்வளவு கதைச்சனீர், என்னைப் பற்றி இப்பிடி ஒரு சொல் சொன்னனீரோ? அக்கா கத்துறது பயத்திலை அண்ணா எண்டு, ஒருக்காவாவது?

கேட்கவில்லை. இல்லை என்றால் தாங்கிக்கொள்வேன். "சொன்னேனேக்கா, அண்ணா அழுதுட்டாரு" என்று சொல்லிவிட்டால்? நான் பயந்த பயம்கூட அவள் வாயால் போய்த்தான் அவருக்கு விளங்கியது என்றால், எனக்கென்று அவரிடம் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அன்றைய கலங்களை எடுக்கப் போனேன்.